நர்சிங் சீட்

நர்சிங் கல்லூரியின் இன்டர்வியூ அறை. ராத்திரியெல்லாம் அவள் உருப்போட்ட கேள்விகளில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. ‘சொதப்பிடாதம்மா’ என்று பஸ் ஏற்றிவிட்ட அப்பாவின் குரல்தான் காதிலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

எதிரே இருந்தவள் சிரித்தாள்.

“முதல் தடவையா?”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

“எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும். இந்தத் தண்ணியைக் குடிங்க. மெதுவா, புரையேறிடப் போகுது.”

அவள் குடித்து முடிப்பதற்குள், எதிரே இருந்தவள் எழுந்து மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டு, மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள்.

“காலையில சாப்பிடலைதானே?”

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“கை ஜில்லுனு இருக்கே! உதறல் வேற. இந்தாங்க, பிஸ்கட்.”

இரண்டு பிஸ்கட் உள்ளே போனதும் போன உயிர் திரும்பி வந்தது. அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்து தலையை நீட்டினார் பிரின்சிபால்.

“என்ன மிஸ், வேலைக்குச் சேர்ந்து முதல் இன்டர்வியூ எடுக்கிறீங்க, எப்படிப் போகுது? இந்தப் பொண்ணு நல்ல நர்ஸா வருவாளா? என்னென்ன கேட்டீங்க?”

வாயிலிருந்த மூன்றாவது பிஸ்கட்டை அவசரமாக விழுங்கினாள் புது விரிவுரையாளர்.

“இன்னும் ஒண்ணுமே கேட்கலை மேடம். ஆனா சீட்டைக் கொடுத்திடலாம்!”