வளைவில் அணையும் வெளிச்சம்

சுனாமியில் போன முதல் மனைவி உசாந்தியின் படத்துக்கு றஜீவன் பூ வைப்பதைக்கூடத் தர்சினி பொறுத்துக்கொண்டாள். வாவிக்கரை வளைவில் அவன் மோட்டார் சைக்கிள் லைற்றை அணைப்பதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

வீட்டு வாசலில் நின்றால் வாவிக்கு அப்பால் அவன் வருவது தெரியும். வளைவில் வெளிச்சம் அணையும். ஓர் ஆளை ஏற்றிக்கொள்ளும் நேரம் கழித்துத்தான் மறுபடி எரியும்.

“சண்டைக்க அங்க சோதனைச்சாவடி இருந்தது. லைற்ற நூத்துப்போட்டுத்தான் போவம். அந்தப் பழக்கம் புள்ள.”

“சாவடியக் கழட்டி ஒரு வருசமாச்சு. எவள ஏத்திறீங்க அந்த இருட்டுக்க?”

மறுநாள் அவனையும் இழுத்துக்கொண்டு ஓட்டமாவடிக்குப் போனாள். இரண்டு மடங்கு வெளிச்சமுள்ள பல்பு பூட்டுவித்தாள். அணைக்கிற சுவிச்சையும் கழற்றிவிடச் சொன்னாள். பொழுதுபட, அவன் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

வளைவு பகல்போலத் தெரிந்தது. கண்டல் செடிகள், அறுந்த முள்ளுக்கம்பி, வெறும் வீதி. எவளும் இல்லை. தர்சினிக்கு மனம் குளிர்ந்தது.

றஜீவன் நிறுத்திக் காலை ஊன்றினான். பின்பக்கம் மெல்லத் தாழ்ந்தது.

“கொஞ்சம் முன்னுக்கு வா புள்ள,” என்றான், திரும்பாமலே.

புது வெளிச்சம் முன்னுக்கு மட்டும்தான் விழுந்துகொண்டிருந்தது.

தர்சினி ஓர் அங்குலமும் நகரவில்லை. அவன் வயிற்றைச் சுற்றி இரண்டு கைகளையும் இறுகக் கோத்துக்கொண்டாள். அவற்றின் மேல், உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட, இன்னும் இரண்டு கைகள் வந்து கோத்துக்கொண்டன.