இல்லாத நிழல்

"நிழல் இன்னும் கொஞ்சம் பரவுது மெஹ்ரீன். ப்ளரைக் குறைங்க."

டீம் லீடர் தோத்தாத்ரி இப்படிச் சொல்வது இந்த வாரத்தில் ஒன்பதாவது தடவை.

2009. சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. ஜெர்மன் மெத்தைக் கம்பெனி ஒன்றின் வெப்சைட்டுக்கு மெஹ்ரீன் எஸ்.வி.ஜி. என்ற பட வடிவத்தில் லோகோ செய்திருந்தாள். எழுத்துக்கு அடியில் மெத்தென்று ஒரு நிழல். அதை மங்கலாக்கும் ப்ளர் ஃபில்டரில் ஒரே ஒரு எண். ஏற்றினால் நிழல் பரவும், இறக்கினால் ஒடுங்கும்.

திங்கட்கிழமை நாலு வைத்தாள். "குறைங்க."

மூன்றரை. "குறைங்க."

மூன்று. "அய்யோ, ரொம்பக் குறைஞ்சுடுச்சு. ஏத்துங்க."

இன்று வெள்ளி. கிளையன்ட்டுக்கு அனுப்ப வேண்டிய நாள்.

"மூணுக்கும் மூணரைக்கும் வித்தியாசம் அந்த ஜெர்மன்காரனுக்கே தெரியாது. பேஜார் பண்றாரு மனுஷன்!" என்றான் பக்கத்து சீட் ஜெயவேலு. "ஒண்ணு பண்ணு. எதையும் மாத்தாம அதே ஃபைலை அனுப்பு."

அனுப்பினாள்.

"ம்... இப்ப தேவலை. ஆனா இன்னும் கொஞ்சம்..." என்றார் தோத்தாத்ரி.

ஜெயவேலு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினான்.

மதியம் மெஹ்ரீன் ஃபில்டரையே அழித்தாள். நிழலையும் எடுத்துவிட்டாள். வெறும் எழுத்து.

தோத்தாத்ரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"லேசா பரவுதே..."

"இல்லாத நிழல் பரவுதாம்!" ஜெயவேலுவுக்குப் புரையேறியது. "மேனேஜருக்கு மெயில் போடு. 'என் வேலை திங்கட்கிழமையே முடிஞ்சுது, இவர்தான் ஓகே பண்ண மாட்டேங்கறார்'னு."

அப்படியே டைப் செய்தாள். அனுப்பப் போன விரல் நின்றது.

"என்ன பயமா?"

"அத்தா கடையை மூடினப்புறம் வீட்ல வேலைக்குப் போறது நான் ஒருத்திதான். முகத்துக்கு நேரா ஒரு தடவை கேட்டுட்டு அனுப்பறேன்."

தோத்தாத்ரி மீட்டிங்கிலிருந்து தன் அறைக்குத் திரும்ப ஐந்தரை ஆயிற்று. மெஹ்ரீன் பின்னாலேயே உள்ளே போனாள்.

"சார், கடைசியா அனுப்பினதுல ப்ளரும் இல்ல, நிழலும் இல்ல. நீங்க பார்க்கவே இல்ல!"

"பார்த்தேனே. நிழல் இல்லாம மொட்டையா இருந்துது. முதல்ல வெச்ச நாலுதான் அழகு. அதையே கிளையன்ட்டுக்கு அனுப்பிடுங்க."

"அப்ப அஞ்சு நாளா ஏன் சார் என்னை இந்தப் பாடு படுத்தினீங்க?"

தோத்தாத்ரி கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கையில வேலை இல்லாதவங்களை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி மேலிடத்து ஆர்டர். லிஸ்ட்டை இப்பதான் மூடினாங்க. திங்கட்கிழமை புது பிராஜெக்ட்ல உங்களைச் சேர்த்தாச்சு. அதுவரைக்கும் உங்க வேலை முடியாம நான் பார்த்துக்க வேண்டாமா?"