நடுங்கிய கை

"கண்ணத் தொறப்பா! மூடிக்கிட்டே எங்க குத்தப் போற?"

கட்டிலில் சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி ஷிவானி சிரித்தாள். ஏழு வயது. எதிரே ஊசியுடன் நின்ற அவள் அப்பா செழியனுக்கு நெற்றியெல்லாம் வியர்வை.

நர்ஸ் ராணியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். மூன்று நாளாக இதே கூத்து. குழந்தைக்குக் கிட்னியில் கோளாறு. சிறுநீரில் புரதம் போய்க்கொண்டே இருப்பதால், ரத்தம் சட்டென்று உறைந்துவிடுகிறது. போன வாரம் இடது காலில் உறைந்து, கால் தூண் மாதிரி வீங்கிவிட்டது. இனி உறையாமலிருக்க, தினம் இரண்டு வேளை வயிற்றுத் தோலில் ஊசி. வீட்டில் ஒருவர் போடக் கற்றுக்கொண்டால்தான் டிஸ்சார்ஜ் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"ரத்தம் வந்துடுமோன்னு பயமா இருக்குங்க, சிஸ்டர்."

"முடி கனம்கூட இல்ல அந்த ஊசி. எறும்பு கடிச்சா ஜாஸ்தி வலிக்கும்."

"நீங்களே போட்டுடுங்களேன்."

"போடறேன். தெனம் உங்க ஊரு கீழ்பென்னாத்தூருக்கு வந்து யாரு போடுவாங்க? பிரசவமாயி ஆறு நாள்கூட ஆவல, உங்க வீட்டம்மாவ எழுப்பிப் போடச் சொல்லுவீங்களா?"

"தம்பிப் பாப்பாவ ஊரே பாத்துடுச்சு. நான் மட்டும்தான் பாக்கல" என்றாள் ஷிவானி.

செழியன் குனிந்தான். ஊசி தோலருகே போனது. கை வெடவெடக்க, பின்வாங்கினான்.

"இங்க வாப்பா."

அவன் காதில் ஷிவானி ஒரே ஒரு சொல்லைக் கிசுகிசுத்தாள். செழியன் நீளமாய் மூச்சு விட்டான். இடது விரல்கள் தோலைப் பதமாகப் பிடித்துத் தூக்கின. ஊசி நேராக இறங்கி, மருந்தை விட்டு, நேராக வெளியே வந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

"வலிச்சுதாம்மா?"

"எப்பப்பா போட்ட?"

ராணியம்மாள் அசந்துபோனாள். "பரவால்லியே! ஆனா ஒண்ணு, அடுத்த வாரம் ஆடிக் கிருத்திகை. கூட்டத்துப் பக்கம் போயிடாதீங்க. வேல் குத்திக்கிறதப் பாத்தீங்கன்னா அங்கயே மயங்கி விழுந்துடுவீங்க."

செழியன் தரையைப் பார்த்தான். ஷிவானி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

மாலையில் மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தாள் ராணியம்மாள். ஷிவானி ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். டிரைவர் மணி, செழியனைப் பார்த்ததும் குதித்து இறங்கிக் கைகூப்பினான்.

"சாமி, நீங்களா! இந்தக் கிருத்திகைக்கும் என் கன்னத்துல ஒங்க கையாலதான் வேல் ஏறணும். ஆறடி வேல் சாமி! போன வருஷம் நூறு பேருக்குக் குத்துனீங்க, ஒருத்தனுக்காவது ரத்தம் வந்துச்சா?"

"அரோகரா!" என்று கத்தினாள் ஷிவானி, காலையில் காதில் சொன்ன அதே சொல்லை.

ராணியம்மாள் பையை நீட்டியபடி அப்படியே நின்றாள்.

செழியன் வெட்கத்துடன் அதை வாங்கிக்கொண்டான். "அதெல்லாம் அடுத்தவங்க கன்னம், சிஸ்டர்."