கழுத்துவலிக்கு ஆமை சொன்ன வைத்தியம்

மீனுக்காக நாள் முழுக்கத் தலையை முன்னே நீட்டி நின்று நின்று, அந்த ஏரிக் கொக்குக்குத் தீராத கழுத்துவலி.

"கொக்கண்ணே, மோவாயை உள்ளே இழுத்துத் தலையைப் பின்னால கொண்டுபோங்க. பத்து எண்ணுற வரைக்கும் அப்படியே நில்லுங்க. தினம் பத்து தடவை செஞ்சா போதும்" என்றது ஆமை. தானே செய்தும் காட்டியது.

கேட்காமலே எவனாவது வைத்தியம் சொல்வானா? தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டு நின்றால் மீன் யாருக்குப் போகும்? இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்று நினைத்தது கொக்கு.

"ஆகட்டும் தம்பி" என்று தலையாட்டிவிட்டுக் கோரைப்புல்லுக்குள் ஒளிந்துகொண்டது. அன்று முதல் ஆமை எங்கே போகிறது, யாரோடு பேசுகிறது என்று கழுத்தை எட்டியமட்டும் நீட்டி வேவு பார்த்தது. ஆமை பாசி தின்றது, வெயில் காய்ந்தது, பத்து தடவை தலையை இழுத்து விட்டது. வேறொன்றும் செய்யவில்லை. அதனாலேயே கொக்குக்குச் சந்தேகம் இன்னும் வலுத்தது.

பதினைந்தாம் நாள் கொக்கால் கழுத்தைத் திருப்பவே முடியவில்லை. பக்கத்திலிருந்த தவளையிடம் ரகசியமாகச் சொன்னது:

"நான் அப்பவே நினைச்சேன். அவன் வைத்தியம் சொன்ன நாள்லேர்ந்துதான்டா வலி கூடியிருக்கு."