எழுதாமல் விட்ட அறுபது மணி நேரம்

"தொண்ணூத்திரெண்டு மணி நேரம்தானா? மிச்சத்தை யார் சிஸ்டர் முழுங்கினது?"

கண்ணாடிக் கடைக்காரர் தன் மகளின் சேவைச் சான்றிதழை மேஜை மேல் போட்டார். தலைமை நர்ஸ் பேனாவைக் கீழே வைக்கவில்லை. மருந்து அட்டையில் பாதி எழுதியிருந்த வரியை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"உட்காருங்க சார்."

"உட்கார நேரமில்லை. அஞ்சு மணியோட விண்ணப்பம் முடியுது."

அவர் அவசரம் அவருக்கு. மருத்துவக் கல்லூரியில் சேர இப்போதெல்லாம் படிப்பு மதிப்பெண் மட்டும் போதாது. ஆஸ்பத்திரியில் நூற்றைம்பது மணி நேரம் நோயாளிகளுக்குச் சேவை செய்திருந்தால் கூடுதலாகப் பத்து மதிப்பெண். மகள் எல்லைக்கோட்டில் நிற்கிறாள். அந்தப் பத்து கிடைத்தால் டாக்டர். இல்லாவிட்டால் இன்னொரு வருஷம் வீட்டில் உட்கார வேண்டியதுதான். "பரவாயில்லைப்பா, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று அவள் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளிடம் சொல்லாமல்தான் கிளம்பி வந்திருந்தார்.

"நாலு மாசமா தினமும் நான்தான் அவளை உங்க வாசல்ல இறக்கி விடறேன். எனக்கென்ன எண்ணத் தெரியாதா?"

"அவ வரலைன்னு நான் சொல்லலையே சார். அறுபது மணி நேரம் ஒரே நோயாளிகிட்ட இருந்தா. ஒன்பதாம் கட்டில். அதை மட்டும் எழுதல."

"தொண்ணூத்திரெண்டும் அறுபதும்... நூத்தம்பத்திரெண்டு!" கடைக்காரர் பளிச்சென்று கூட்டிவிட்டார். "ஏன் எழுதல? அந்த ஆள் மனுஷன் இல்லையா?"

"வலது பக்கம் அசைவில்லை, பேச்சும் இல்லை. ஊட்டி விடறது, உடம்பு துடைச்சு விடறது, புரட்டிப் படுக்க வைக்கறது எல்லாம் உங்க பொண்ணுதான். சொந்தம்னு வேற யாரும் எட்டிப் பார்க்கல."

"அடப்பாவமே!"

கடைக்காரருக்கு நிஜமாகவே மனசு கேட்கவில்லை. முன்பின் தெரியாதவர்கள் என்றால் சட்டென்று இளகிவிடுவார்.

"என்ன ஜென்மங்களோ! கூடப் பொறந்ததுன்னு ஒண்ணாவது இருக்காதா? இப்படிக் கிடக்கற ஆளைப் பார்த்துக்கிட்டதுக்கு நீங்க இரட்டிப்பாவே எழுதலாம் சிஸ்டர்!"

"எழுத வேண்டாம்னு சொன்னதே உங்க பொண்ணுதான்."

"அவ பிழைக்கத் தெரியாதவ. தகப்பன் நான் சொல்றேன், எழுதுங்க."

நர்ஸ் எழுந்தார். அலமாரியைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தார். ஒன்பதாம் கட்டில் அட்டையைப் பார்த்துப் பார்த்து அதில் விவரங்களை எழுதினார்.

"விட்டுப்போன நேரத்தைச் சேர்க்கணும்னா பெற்றோர்ல ஒருத்தர் இதுல கையெழுத்துப் போடணும். இந்த நோயாளிக்கும் எங்க குடும்பத்துக்கும் எந்த உறவும் இல்லைன்னு. வீட்டு ஆளுங்களைப் பார்த்துக்கிட்டு அதையும் சேவைக் கணக்குல காட்டறாங்கன்னு கல்லூரியில கொண்டு வந்த விதி."

"இவ்வளவுதானா? கண்ணை மூடிக்கிட்டுப் போடறேன்."

"படிச்சுட்டுப் போடுங்க சார்."

கடைக்காரர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டே படித்தார். நோயாளியின் பெயர். அடுத்த வரியில், தந்தை பெயர்.

அது அவருடைய அப்பாவின் பெயர்.

மறுபடியும் மேலே போய்ப் படித்தார். சந்தேகமே இல்லை, அண்ணன்தான். கடையைப் பங்கு பிரித்த நாளிலிருந்து பன்னிரண்டு வருஷமாக வீட்டில் யாரும் அந்தப் பெயரை எடுக்கக்கூடாது என்று அவர் போட்ட உத்தரவு இன்னும் அமலில் இருந்தது.

ஒரு கையெழுத்துதான். போட்டுவிட்டால் மகள் டாக்டர். பேனாவைக் காகிதத்தில் வைத்தார். திரும்ப எடுத்தார்.

"அவளுக்கு... தெரியுமா சிஸ்டர்?"

"வந்த முதல் வாரமே அட்டையில தாத்தா பேரைப் பார்த்து அடையாளம் கண்டுக்கிட்டா. அப்பாவுக்குத் தெரிஞ்சா இங்க வரவே விட மாட்டார், சொல்லிடாதீங்கன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டா."

கடைக்காரர் பேனாவை மூடினார். கையெழுத்து இல்லாத படிவத்தை நர்ஸ் பக்கமே நகர்த்தினார். ஐந்து மணிக்கு இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது.

"'டாக்டர் சீட்டு விஷயம்மா, நான் எழுதிடறேன், யாரும் கேட்க மாட்டாங்க'ன்னு நானே அவகிட்ட சொல்லிப் பார்த்தேன் சார்." நர்ஸின் குரல் தாழ்ந்தது. "அதுக்கு உங்க பொண்ணு, 'பெரியப்பாவுக்குச் செய்யறதைப் போய் சேவைன்னு எப்படி சிஸ்டர் எழுதறது'ன்னு கேட்டுட்டா."