கைராசிக்காரி

எதிர் குவார்ட்டர்ஸ் இளவேனில் ஆன்லைனில் எதை வாங்கினாலும் முதலில் அன்னமேரியிடம்தான் கொண்டுவருவாள். போன மாதம் கெட்டில், இன்றைக்குக் கரண்ட் அடுப்பு.

"உங்க கைராசி அப்படிக்கா. ஒரு வாரம் நீங்க வச்சிக்கினு பொழங்கிட்டுக் குடுங்க."

அன்னமேரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மைன்ஸில் ஷிஃப்ட் முடித்து வந்த கணவன் ஆனந்த்ராஜ் அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எந்த நாட்டுல செஞ்சதுன்னே போடல. டெஸ்ட் பண்ண முத்திரையும் இல்ல. ஹெல்மெட் இல்லாம மைன்ஸ்ல எறங்குற மாதிரி இருக்கு."

"எல்லாத்துலயும் நொட்டை சொல்லுவீங்க. இந்த பிளாக்ல வேற யாருக்கு இந்த மரியாதை?"

ஏழு நாளும் வீட்டில் நாலு பேருக்கும் அதில்தான் சமையல். இளவேனில் தினமும் வந்து, "ஷாக் கீக் அடிக்குதாக்கா? கருகுற வாசனை வருதா?" என்று விசாரித்தாள். என்ன அக்கறை என்று அன்னமேரி பூரித்துப்போனாள்.

எட்டாம் நாள் அடுப்பு எதிர்வீட்டுக்குப் போனது. பழகிய கை சும்மா இருக்குமா? தனக்கும் ஒன்று வாங்க அன்னமேரி செல்போனைத் திறந்தாள். அடுப்புப் படத்துக்குக் கீழே, இளவேனில் பெயரில், ஐந்து நட்சத்திரத்தோடு ஒரு கருத்து:

"எதிர்வீட்டில் ஒரு வாரம் வைத்து டெஸ்ட் செய்தாகிவிட்டது. நாலு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தைரியமாக வாங்கலாம்."