தலைவர் சுட்ட கலைமான்

பெண்மானைச் சுட்டவன் துப்பாக்கியை வேட்டைச் சங்கத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தவரே தலைவர் தாண்டவராயர்தான். போன பருவத்தில் அந்த விதியைக் காட்டி உறுப்பினர் மருதப்பனின் துப்பாக்கியைப் பறித்துக்கொண்டு, மான் இனத்தின் எதிர்காலம் பற்றி நெடுநேரம் பேசினார். இன்று அதே துப்பாக்கியால் அவரே ஒரு பெண்மானைச் சாய்த்துவிட்டார். முகாமுக்குத் தூக்கிவந்ததும், தன் நாற்காலிக்கு மேலே மாட்டியிருந்த கொம்பைக் கழற்றி அதன் தலையில் கம்பியால் கட்டினார். உறுப்பினர்கள் சுற்றி நின்று உற்றுப் பார்த்தார்கள். மூன்று கிளைக் கொம்புள்ள ஆண்மானைச் சுடலாமா, நான்காவது கிளையும் இருந்தே ஆக வேண்டுமா என்று பெரிய சண்டை மூண்டது.

“கலைமான்தான்யா. கொம்பு கொஞ்சம் பழசு, அவ்வளவுதான்” என்று சமாதானம் செய்தார் பொருளாளர்.

அப்போது புதரிலிருந்து ஒரு குட்டி வந்தது. யாரையும் பொருட்படுத்தாமல் அந்தக் கலைமானின் மடியை முட்டிப் பால் குடிக்கப் பார்த்தது.

“குட்டியப் பத்தி நம்ம விதியில ஒண்ணும் இல்லல்ல?” என்றார் தலைவர். அவர் துப்பாக்கியை மருதப்பனிடம் நீட்டினார். “சுடு மருதா. இனிமே இது உன்னோடதுதான்.”

மருதப்பன் வாங்கிக்கொண்டான். துப்பாக்கியின் கட்டை அவன் தோளில் பழையபடி கச்சிதமாகப் பொருந்தியது. பால் இறங்காததால் குட்டி இன்னொரு முறை முட்டியது.